நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்

போன மாதம் ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். பக்கத்து மாவட்டத்தில் அரசு உதவி வழக்குரைஞர். அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசாங்கத்தின் பக்கம் நின்று வழக்கு நடத்துகிறவர். நான் ஓய்வு பெறும்வரை பார்த்த அதே வேலை. யாரோ ஓர் ஆள் அரசு அலுவலகத்தின் உள்கடிதம் ஒன்றைத் தன் யூடியூப் சேனலில் காட்டிவிட்டாராம். அவர் மேல் அரசாங்க ரகசியச் சட்டத்தில் புகார் போட வேண்டும் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம். இந்தச் சட்டத்தில் வழக்கு நடத்தியவர்களில் இந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான் என்று யாரோ அவருக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்கள்.

"பழைய மனு நகல் இருந்தா மாதிரிக்கு அனுப்புங்க சார். பேரையும் தேதியையும் மாத்திக்கிடுதேன்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பேரையும் தேதியையும் மாற்றினால் போதுமாம். மேலே இருந்து சொன்னவர் எழுத்தில் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம், குரல் பதிவாக அனுப்பினாராம், தம்பி கேட்டு முடித்த கையோடு அதை அழித்தும் விட்டாராம். அதற்கு மேல் பேசினால் ரத்தக் கொதிப்பு மாத்திரையை இரண்டாகப் போட வேண்டி வரும் என்று தோன்றியதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதியது இதுதான். தம்பி கேட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் படிப்பு, பயிற்சிக் கதையெல்லாம் யாருக்கும் வேண்டாம். சட்டக் கல்லூரி, பிறகு தென்காசியில் ஒரு வக்கீலின் பின்னால் வழக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தது, பிறகு ஒரு தேர்வு, பிறகு இந்த வேலை. எனக்கு முந்தின காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் போலீஸ் இன்ஸ்பெக்டர்களே அரசுத் தரப்பில் வாதாடுவார்கள். ஆளைப் பிடிக்கிற துறையே வழக்கையும் நடத்துவது சரியில்லை என்று புதிதாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை மாற்றியது. போலீசுக்கு அடங்காத ஆள், சட்டம் படித்த ஆள், சொந்தப் புத்தியில் தீர்மானிக்கிற ஆள் வேண்டும் என்றுதான் எங்களை வைத்தார்கள். நானும் அதை நம்பிக் கறுப்புக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டு, எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினேன். கொஞ்ச நாளிலேயே ஊருக்குள் என் பெயர் போய், பப்ளிக் பிராசிக்யூட்டர் என்பதைச் சுருக்கின 'பி.பி.'யே பெயராகிவிட்டது.

வந்த வழக்குகள் எல்லாம் ஆட்டுத் திருட்டு, வரப்புச் சண்டை, கள்ளச்சாராயம், தறிக்கூடத்தில் நூல் கண்டு காணாமல் போனது, ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் சங்கிலி அறுத்தது, இந்த ரகம்தான். தலை போகிற காரியம் ஒன்றும் இல்லை. தலைவலி எல்லாம் எனக்கு மேலே இருந்தவரால் வந்தது.

அவர் ஜில்லா தலைநகரத்தில் இருந்தார். எங்களைப் போன்ற உதவி வழக்குரைஞர்களின் கட்டுகளைப் பார்த்து யோசனை சொல்லும் மூத்தவர். பெயர் வேண்டாம். நாங்கள் எங்களுக்குள் அவரைப் 'பென்சில்' என்போம். அவர் மேஜையில் பேனா கிடையாது. ஒரே ஒரு பென்சில் இருக்கும். அதை அவரே பிளேடால் சீவுவார். சீவின தூளைத் தாளில் மடித்துக் கூடையில் போடுவார். மேஜை இழுப்பறையின் பிடியில் சணல் கயிறு கட்டி, அதன் நுனியில் ஓர் அழிரப்பரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். யாரும் கொண்டுபோய்விடக் கூடாதாம்.

ஆள் ஞானசூன்யம் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை வாசிப்பார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யாரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை. வாசித்து முடித்ததும் தாளின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு வார்த்தை எழுதுவார். 'நடத்தவும்.' அல்லது 'எதிர்க்கவும்.' நாங்கள் அதன்படி செய்வோம். வேலை முடிந்ததும் கட்டு ஒருமுறை அவர் பார்வைக்குப் போய்த் திரும்பும். திரும்பி வரும்போது அந்த வார்த்தை இருக்காது. ரப்பர் தூள் மட்டும் கட்டின் தையலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வந்த புதிதில் ஒரு நூல் திருட்டு வழக்கில், நெசவாளி ஒருவர் மேல் சாட்சியமே இல்லை என்று நான் மையில் எழுதி அனுப்பினேன். 'நடத்தவும்' என்று பென்சிலில் வந்தது. நடத்தினேன். மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளிவிட்டு, இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னது யார் என்று என்னிடம் கேட்டார். நான் கட்டைப் புரட்டினேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி அந்த வழக்கு.

சங்கரபாண்டி என்று ஒருவர். பஜாரில் அச்சாபீஸ் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் இயந்திரம் ஒன்று. எழுத்துக் கோர்ப்பது அவர் மனைவி ஆவுடையம்மாள். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கத்து ரசீது என்று வயிற்றுப்பாட்டுக்கு அடித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகையும் போட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் மட்டும் அதை நிறுத்திவைத்திருந்தார். அடிப்பதற்கு முன்னால் ஓர் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றார்களாம். காட்டி அடிக்கிறதுக்குக் கல்யாணப் பத்திரிகையே போதும் என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் பத்திரிகை ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காது. கரிவலம்வந்தநல்லூர் பஸ் நேரத்துக்கு வராதது, தறி ஓடுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போவது, கோர்ட்டுக் கக்கூஸ் நாறுவது எல்லாம் அதில் வரும். பி.பி. காலையில் தாமதமாக வருகிறார் என்று என்னைப் பற்றியும் ஒருதடவை வந்தது. எனக்குக் கோபம்தான். ஆனால் மறுநாளிலிருந்து நேரத்துக்குப் போனேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடைசிப் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு இதழிலும் அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், இன்ன தெரு என்று அவர் பெயரும் விலாசமும் இருக்கும். மறைந்து நின்று கல் எறிகிற ஆள் இல்லை அவர்.

சங்கரன்கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிற்றூர். பெயரை விட்டுவிடுகிறேன்; அந்தத் தண்ணீர் ஊரா என்று கேட்டுப் பெண் எடுக்கத் தயங்கின கதையெல்லாம் உண்டு. அங்கே அரசாங்கத்தின் ஒரு துறை கிணறு தோண்டி, மேல்நிலைத் தொட்டி கட்டியது. கிணற்றுக்குப் பக்கத்தில் ஓடை. ஓடையில் நூலுக்குச் சாயம் போடுகிற கொட்டகைகளின் கழிவு ஓடுகிறது. சோதனை ஓட்டம் என்று குழாயைத் திறந்துவிட்ட சில நாட்களிலேயே ஊரில் பிள்ளைகளுக்கு வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு. துறை தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியது. குடிக்கத் தகுதியில்லை என்று முடிவு வந்தது. அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? குழாயைப் பூட்டியிருக்க வேண்டும். அவர்கள் செய்ததோ வேறு. மந்திரி வந்து தொட்டியைத் திறந்து வைக்கிற விழா நெருங்கியிருந்தது. விழா முடியும்வரை இந்த முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி, தலைப்பில் 'மந்தணம்', அதாவது ரகசியம், என்று முத்திரை குத்திக் கீழே இருக்கிற அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கடிதம் சங்கரபாண்டி கைக்கு வந்தது. யார் கொடுத்தார்கள் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அவர் அதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதல் பக்கத்தில் முழுசாக அடித்துவிட்டார்.

அந்த ஊர்ப் பெண்கள் மறுநாளே குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய ஊர்க் கிணற்றுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். விழா ஒத்திவைக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு வாந்தி நின்றது. சங்கரபாண்டி செய்த குற்றத்தின் முழு விவரம் இதுதான்.

அச்சாபீசைச் சோதனை போட வெளியூரிலிருந்து ஒரு தனிப்படை வந்தது. கடிதத்தின் மூலத்தைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு போக முடியுமா? அச்சடித்த கருவி என்று டிரெடிலின் சக்கரத்தைக் கழற்றினார்கள். எழுத்துகளையும் எடுத்தார்கள்.

அச்செழுத்து எப்படி இருக்கும் என்று இன்றைக்கு உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். மரத்தட்டில் சிறு சிறு குழிகள். 'க'வுக்கு ஒரு குழி, 'கு'வுக்கு ஒன்று, 'கூ'வுக்கு ஒன்று. தமிழுக்கு எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். அது போக, சின்ன எழுத்து, பெரிய எழுத்து, தலைப்பு எழுத்து, புள்ளி, கோடு. எந்தக் குழியில் எது என்று ஆவுடையம்மாளின் விரலுக்குத் தெரியும். கண்ணால் பார்க்கவே மாட்டார். அந்தத் தட்டுகளை அடுக்கிய மரச்சட்டம் வாசல் வழியாக வெளியே வரவில்லை. படையோடு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து தட்டுகளைக் கவிழ்த்தார்கள்.

"கொட்டாதீங்க மக்கா, தட்டோட எடுத்துட்டுப் போங்க" என்று ஆவுடையம்மாள் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு அது ஈயம். ஈயத்தை எதில் போட்டால் என்ன? பறிமுதல் மகஜரிலும் அப்படித்தான் எழுதினார்கள்: 'ஈய எழுத்துகள், சாக்கு மூட்டைகளில்.' எடையும் போட்டிருந்தார்கள்.

எதற்காக இந்தப் பறிமுதல் என்று நான் இன்றும் கேட்கிறேன். அடித்தது நான்தான் என்று அந்த மனிதர் பெயர், விலாசத்தோடு அச்சிட்டிருக்கிறார். மறுக்கவே இல்லை. நிரூபிக்க என்ன இருக்கிறது? வழக்குக்காக எடுத்தது இல்லை அது. அடுத்த வாரம் பத்திரிகை வரக் கூடாது என்று எடுத்தது.

இந்தச் சட்டத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் போட முடியாது. அரசாங்கம் அதிகாரம் கொடுத்த ஓர் அதிகாரிதான் புகார் மனு கொடுக்க வேண்டும். மனு மேலிடத்தில் தயாராகி, எங்கள் மாஜிஸ்திரேட்டுக்குத் தனி அதிகாரம் அளிக்கிற ஆணையோடு வந்து சேர்ந்தது. தம்பி நகல் கேட்கிறாரே, அந்த மனு. ஊர் அடங்கிய மத்தியானத்தில் கோர்ட்டு அறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். நாட்டின் பாதுகாப்பு, அரசின் நலன், இறையாண்மை என்று பெரிய பெரிய வார்த்தையாக இருந்தது. எல்லையும் இல்லை, படையும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஒரு கிணறு. அதை எங்கே ஒளித்து வைப்பது? குற்றம் நிரூபணமானால் மூன்று வருஷம் வரை சிறை. வழக்கு நிற்காது, பறிமுதல் செய்ததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று மையில் எழுதி அனுப்பினேன்.

மூத்தவர் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். என் கருத்துரையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, நன்றாக எழுதியிருக்கிறேன் என்றும் பாராட்டினார். பிறகு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். மேலிடத்துக்குச் சங்கரபாண்டி பெரிசு இல்லையாம். கடிதத்தைக் கொடுத்தவன் பெயர்தான் வேண்டுமாம். பெயரைச் சொல்லிவிட்டால் வழக்கும் போகும், மூட்டையும் திரும்பும். இதை நான் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால், பொதுமக்களை வெளியேற்றிவிட்டுக் கதவைச் சாத்தி விசாரிக்கும்படி நான் ஒரு மனு போட வேண்டும். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. கடிதத்தைக் கோர்ட்டில் வாசித்தால் ரகசியம் மறுபடி வெளியாகிவிடுமாம். பத்திரிகையில் அச்சாகி, டீக்கடை டீக்கடையாக வாசித்து முடித்த ரகசியம்.

சொல்லிவிட்டு, என் கருத்துரையின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் 'மனு போடவும்' என்று எழுதி நீட்டினார். எனக்கு வயது முப்பது சொச்சம். வீட்டில் கைக்குழந்தை. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நூல் திருட்டு வழக்கில் பளபளத்த தாள் கண்ணுக்குள் நின்றது.

"இத மையில எழுதித் தாங்க சார். இப்பமே போய்ப் போட்டுடுதேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் தெரியவில்லை. கயிற்றில் தொங்கிய ரப்பரைக் கையில் எடுத்தார். "இத்தன வருசத்துல எங்கிட்ட யாரும் மை கேட்டதில்ல வே" என்று சொல்லிக்கொண்டே, எழுதின வார்த்தையை என் கண் முன்னாலேயே அழித்தார். தூளை ஊதினார். கட்டை மூடி, ஊருக்குப் போகும்படி சொன்னார்.

பேச்சுக்கு நான் போனது உண்மை. அது என் வேலை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு வழி இருக்கிறது என்றால் அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. அவருடைய வக்கீலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோர்ட்டு வேப்பமரத்தடியில் சங்கரபாண்டியிடம் சொன்னேன். அவர் ஜாமீனில் இருந்தார். அச்சாபீசில் வேலை இல்லாததால் ஆள் இளைத்திருந்தார். முழுசும் கேட்டுவிட்டு, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.

"பேரச் சொன்னா எனக்கு எழுத்து திரும்பக் கிடைக்கும், சரி. நாளைக்கு எவன் எங்கிட்ட ஒரு சேதி சொல்லுவான், பி.பி. சார்? அந்த எழுத்த வச்சுக்கிட்டு நான் கல்யாணப் பத்திரிகைதான் அடிச்சுக்கிட்டு இருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு.

விசாரணை நாளன்று மூத்தவரே காரில் வந்து இறங்கினார். கதவைச் சாத்தும் மனுவை அவரே கொடுத்தார். அதில் கையெழுத்துப் போடத்தான் வேண்டியிருந்தது. கோர்ட்டில் பென்சில் செல்லாது. என் பேனாவை இரவல் வாங்கிப் போட்டார். சின்ன விஷயம்தான், எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அந்தச் சிற்றூரிலிருந்து ஒரு கூட்டம் காலையிலேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், வயல் வேலையை விட்டு வந்த நாலைந்து சம்சாரிகள். மாஜிஸ்திரேட் மனுவை அனுமதித்தார். சட்டத்தில் இருக்கிறதே, அவர் என்ன செய்வார் என்று அவருக்காக நானே மனசுக்குள் பலதடவை வாதாடிப் பார்த்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. கோர்ட்டு டவாலி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். மாடசாமி என்று ஒரு பெரியவர், அந்த ஊர்க்காரர், என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"எங்க ஊர்த் தண்ணியப் பத்தித்தான பேசப் போறீய? நாங்க இருந்து கேட்டா என்னய்யா?"

நான் சட்டப் பிரிவைச் சொன்னேன். வாயில் வந்தது அதுதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

கதவைச் சாத்தினார்கள். ஜன்னலையும் சாத்தினார்கள். சித்திரை வெயில், ஓட்டுக் கட்டடம், மின்விசிறி சூட்டைக் கலக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். அதில் ஒருவர்கூட அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர் இல்லை. குடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அவர்கள் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று சத்தமாக வாசித்தோம்.

துறையின் பொறியாளர் சாட்சிக் கூண்டில் ஏறினார். சங்கரபாண்டியின் வக்கீல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: இந்தக் கடிதம் வெளியானதால் நாட்டுக்கு என்ன ஆபத்து? கருத்துச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் பொறியாளர். எதிரி நாட்டான் எவனாவது இந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வருகிறானா என்று கேட்டார் வக்கீல். மூத்தவர் எழுந்து ஆட்சேபித்தார். கடைசியில் மாஜிஸ்திரேட்டே கேட்டார், இதை ஏன் ரகசியம் என்று முத்திரை குத்தினீர்கள் என்று.

"விழாவுக்கு இடைஞ்சல் வரும்னு சொன்னாங்க சார்" என்றார் பொறியாளர்.

மனிதர் பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். கதவு சாத்தியிருந்ததால் அந்த உண்மை யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இதற்குப் பிறகும் வழக்கு முடியவில்லை. குற்றச்சாட்டு வனைந்தார்கள். பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. அதிகாரி விடுப்பில் இருக்கிறார், ஆவணம் வரவில்லை, சாட்சி மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சங்கரபாண்டி வெள்ளை வேட்டியோடு வந்து நிற்பார். அச்சுப் பொருட்களைத் திருப்பித் தரக் கேட்டு மனுப் போட்டார். எனக்கு 'எதிர்க்கவும்' என்று பென்சிலில் வந்தது. கோர்ட்டின் முடிவுக்கு விடுகிறேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுவாய்தாவுக்கு மூத்தவர் வேறோர் ஆளை அனுப்பி எதிர்த்தார். மனு தள்ளுபடியானது. அரசாங்க ரகசியம் என்பது வழக்கின் பெயர் மட்டும்தான். தண்டனை அந்தச் சாக்கு மூட்டைகள். தீர்ப்புக்கு முன்னாலேயே கொடுத்து முடித்த தண்டனை.

பிறகு மேலே காற்று மாறியது. மந்திரிக்கு வேறு இலாகா போனது. கட்டி முடித்த தொட்டியைத் திறக்காமலே விட்டுவிட்டு, வேறு இடத்தில் ஒரு கிணறு தோண்டினார்கள். யாருக்கும் இந்த வழக்கு தேவைப்படவில்லை. வழக்கைத் திரும்பப் பெறும்படி எனக்கு உத்தரவு வந்தது. இந்தத் தடவை தட்டச்சு செய்த உத்தரவு, மையில் கையெழுத்து. நல்ல பெயர் எடுக்கிற காரியத்துக்கு மட்டும் மை கிடைக்கிறது பாருங்கள்.

மனுவைக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் சங்கரபாண்டியைப் பார்த்து, உங்கள் மேல் உள்ள வழக்கைத் திரும்பப் பெறுகிறார்கள், விடுதலை என்றார். அவர் கை எடுத்துக் கும்பிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் கூண்டை விட்டு இறங்கவில்லை.

"எனக்குத் தீர்ப்பு வேணும் ஐயா. நான் அடிச்சது தப்பா இல்லையான்னு நீங்க சொல்லணும். அதச் சொல்லாம என்னய இறக்கிவிடாதீய."

சட்டத்தில் அதற்கு வழி இல்லை என்று மாஜிஸ்திரேட் மெதுவாகச் சொன்னார். அரசுத் தரப்பு திரும்பப் பெற்றால் காரணம் எழுத வேண்டியது இல்லை. விடுதலை என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைப் போட்டார். ஒரு மனிதனின் பிழைப்பை வருஷக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டு, அவன் செய்தது சரியா தவறா என்று சொல்வதற்கு மட்டும் எங்களுக்கு நேரம் இல்லாமல் போனது. நாளைக்கு இன்னொரு பத்திரிகைக்காரன் இன்னொரு கடிதத்தை அடித்தால் காட்டுவதற்கு ஒரு தீர்ப்புகூட மிஞ்சவில்லை. அதனால்தானே அந்த மனுவுக்கு இன்றைக்கும் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும் என்று ஒருவர் போனில் கேட்க முடிகிறது.

பொருட்களைத் திருப்பித் தர உத்தரவானது. காகிதத்தில் அச்சாபீஸ் ஆவுடையம்மாள் பெயரில் இருந்ததால் அவர்தான் வந்து வாங்க வேண்டும். நானும் போய் நின்றேன். பறிமுதல் பொருட்களைப் பூட்டி வைக்கும் சொத்து அறையிலிருந்து சக்கரத்தையும் மூட்டைகளையும் தரையோடு இழுத்து வராந்தாவில் போட்டார்கள். ஆவுடையம்மாள் உட்கார்ந்து ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தார். கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். சின்னதும் பெரிசும், புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று கலந்து, முனை மழுங்கி, உரசித் தேய்ந்து கிடந்தன. மேலே எலிப்புழுக்கை. அவர் விரல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. தடவிவிட்டு, உள்ளேயே போட்டார்.

குமாஸ்தா ரசீதை நீட்டினார். வழக்கமான வாசகம்தான்: மேற்படி பொருட்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

ஆவுடையம்மாள் வாசித்தார். 'நல்ல நிலையில்' என்பதை அடித்துவிட்டுத் தரும்படி கேட்டார். அடிக்கக் கூடாது, அது படிவத்தில் உள்ளது என்றார் குமாஸ்தா. அவரும் கெட்டவர் இல்லை. ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு மூட்டையைக் கொண்டுபோங்கள் என்று நல்லதனமாகவே சொன்னார். சங்கரபாண்டி தூணில் சாய்ந்து நின்றார். ஆவுடையம்மாள் எழுந்து, ரசீதைக் குமாஸ்தாவிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

"கெட்ட தண்ணிய நல்ல தண்ணின்னு ஊர நம்ப வைக்கப் பாத்தாவ. அதுக்கு இவிய ஒத்துக்கிடலன்னுதான கூண்டுல ஏத்துனீய. இப்பம் என்னயும் அதே பொய்க்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதீயளே, பி.பி. சார்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. இருவரும் வெறுங்கையோடு படியிறங்கி நடந்து போனார்கள். கொஞ்ச நாளில் சிவகாசியில் யாருடைய அச்சகத்திலோ இரண்டு பேரும் கூலிக்கு வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன். பத்திரிகை மறுபடி வரவே இல்லை. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே இழுத்துப் போனார்கள். அடுத்த மாற்றல் பட்டியலில் நானும் ஊரை விட்டுப் போனேன். கேட்பாரற்ற பொருள் என்று பின்னால் ஏலம் விட்டார்களாம். ஈயம், எடைக்கு.

தம்பி, அந்த மனுவின் நகல் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தர மாட்டேன். ஆவுடையம்மாள் கையெழுத்துப் போடாமல் என் கையில் கொடுத்த ரசீதும் அதோடு இருக்கிறது. அதை வேண்டுமானால் அனுப்புகிறேன். உன்னிடம் குரல் பதிவு அனுப்பி அழித்தாரே, அந்த மேலிடத்தை முதலில் அதில் 'நல்ல நிலையில்' என்ற வரிக்குக் கீழே மையால் கையெழுத்துப் போடச் சொல்.